ஒரு சாண் உயரம் தீர்மானிக்கும் நிலம்: வேதாரண்யம் – முத்துப்பேட்டைச் சதுப்புச் சமவெளி

தமிழ்நாட்டு வரைபடத்தில் சென்னையிலிருந்து கரையோரமாகவே விரலை இறக்கிக்கொண்டு வந்தால், நாகப்பட்டினத்தைத் தாண்டிய பிறகு ஓரிடத்தில் கரை சட்டென்று மேற்கே மடங்குவதைக் காணலாம். அந்த மடிப்பின் முனைதான் கோடியக்கரை. அங்கிருந்து மேற்கே முத்துப்பேட்டைப் பக்கமாக, பாக் நீரிணைக்கு இணையாக, ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தாழ்ந்த வெளி கிடக்கிறது. கார்த்திகை மழையில் போய்ப் பார்ப்பவருக்கு அது கரை தெரியாத ஏரியாகத் தோன்றும். சித்திரை வெயிலில் போய்ப் பார்ப்பவருக்கு அது வெடித்துக் கிடக்கும் உப்புத் தரையாகத் தோன்றும். வேதாரண்யம் பெருஞ்சதுப்பு என்று சொல்லப்படும் இந்த வெளியையும், அதை ஒட்டியுள்ள கோடியக்கரைக் காட்டையும் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, கடலோரச் சதுப்புச் சமவெளி என்பது என்ன, அது எப்படி உருவாகிறது, அதில் எவை எப்படி வாழ்கின்றன என்பதை முதன்முறையாக அறிய விரும்புவோருக்காக இங்கே விளக்குகிறேன்.

சமவெளி என்றால் ஏற்ற இறக்கம் அதிகமில்லாத நிலம். சதுப்பு என்றால் ஆண்டின் ஒரு பகுதியிலாவது நீர் தேங்கி, மண் குழைந்து, கால் வைத்தால் புதையும் நிலம். இவ்விரு தன்மையும் கடலுக்குப் பக்கத்தில் ஒன்றுசேரும்போது ஆற்றின் நன்னீர், கடலின் உப்புநீர், வானத்திலிருந்து விழும் மழைநீர் ஆகிய மூன்றும் ஒரே தரையை மாற்றி மாற்றி ஆளுகின்றன. எந்த மாதத்தில் எந்த நீரின் கை ஓங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தே அந்த நிலத்தின் முகம் மாறுகிறது. உலகின் முக்கியமான ஈரநிலங்களைப் பட்டியலிடும் ராம்சார் உடன்படிக்கை, கடல் இறங்கி நிற்கும் வற்றத்தின்போது 6 மீட்டருக்கு மிகாத ஆழமுள்ள கடல்நீர்ப் பரப்பையும் ஈரநிலம் என்றே கணக்கில் கொள்கிறது. இங்கே பேசப்படும் பகுதியில் 38,500 ஹெக்டேர் பரப்பு, கோடியக்கரை என்ற பெயரில் 2002 ஆகஸ்டு 19 அன்று அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அதன் பிறகு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தமிழ்நாட்டில் வேறு எந்த இடமும் அப்பட்டியலில் இடம்பெறவில்லை.

ஒரு சாண் கணக்கு

இந்த நிலத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு சாவி வேண்டுமென்றால், அது உயரம். மலை நாட்டில் ஆயிரம் அடி ஏறினால்தான் காடு மாறும், காற்று மாறும். இங்கே ஒரு சாண் ஏறினால் போதும், செடி மாறிவிடும். இதற்குக் காரணம் மிக எளிமையானது. பாக் நீரிணைப் பக்கத்தில் கடலின் ஓதம், அதாவது நீர் ஏறி வற்றும் அளவு, ஒரு மீட்டருக்கும் குறைவு. தரையின் சரிவோ கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியது. ஆகவே கடல் ஒரு சாண் ஏறினால் அது கிடைமட்டமாக வெகுதூரம் பரவிவிடும். ஒரு சாண் இறங்கினால் வெகுதூரம் பின்வாங்கிவிடும். நாள்தோறும் இருமுறை நனையும் தரை, பௌர்ணமி அமாவாசைகளை ஒட்டிய பெரிய ஓதத்தில் மட்டும் நனையும் தரை, புயல் வந்தால் மட்டுமே கடல்நீரைக் காணும் தரை என்ற மூன்றுக்கும் இடையிலான உயர வேறுபாடு, ஒரு மனிதனின் முழங்காலுக்குள் அடங்கிவிடும். கோடியக்கரை முனையில் மிக உயர்ந்த இடமாகக் கருதப்படும் ராமர் பாதம் என்ற மணல்மேடுகூட கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இவ்வளவு மட்டமான தரையில் நீரைத் தள்ளுவதற்குக் காற்றே போதும். பெருஞ்சதுப்பின் நடுவில் கணுக்கால் அளவு நிற்கும் நீர், பலமான காற்று ஒரே திசையில் வீசினால் மறுபக்கம் ஒதுங்கிவிடும். சற்று முன்னர் நீராக இருந்த இடம் சேறாகத் திறந்துகொள்ளும். நீர் விலகிய சேற்றை நோக்கிப் பறவைக் கூட்டம் இடம் மாறும்.

மேடும் பள்ளமும் வந்த விதம்

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் நீரில் பெரும்பங்கு பனிப்பாளங்களாக உறைந்திருந்த காலத்தில், கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. ஆழம் குறைந்த பாக் நீரிணை அப்போது கடலாகவே இல்லை. வறண்ட நிலமாக இருந்தது. பனி உருக உருகக் கடல் ஏறி, சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை எட்டியது. ஏறிய கடல் நின்ற இடத்திலிருந்துதான் இன்றைய சமவெளியின் வரலாறு தொடங்குகிறது. அன்று முதல் காவிரியும் அதன் கிளையாறுகளும் கொண்டுவந்து கொட்டிய மண்ணால் கரை படிப்படியாகக் கடலை நோக்கி நகர்ந்திருக்கிறது.

ஆறு மண்ணைக் கொட்டிவிட்டுப் போய்விடும். அதை எங்கே, எந்த வடிவில் வைப்பது என்பதைக் கடல்தான் முடிவு செய்கிறது. அலைகள் கரையைச் செங்கோணத்தில் வந்து மோதுவதில்லை. சற்றே சாய்வாக மோதுகின்றன. ஒவ்வொரு மோதலிலும் மணல் கரையோரமாக ஓரடி நகர்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்த நகர்வு தெற்கு நோக்கி இருக்கும். அப்படித் தெற்கே போகும் மணல் கோடியக்கரை முனையில் கரை மடங்குவதால் அதே திசையில் தொடர முடியாமல், அலை ஓய்ந்த பாக் நீரிணைப் பக்கம் திரும்பிப் படிகிறது. நெடுங்காலம் இப்படிப் படிந்ததில் கரைக்கு இணையாக நீண்ட மணல்திட்டு ஒன்று உருவாகி, அதன் பின்னால் இருந்த ஆழமில்லாத கடற்பரப்பைத் தனியே பிரித்துவிட்டது. அப்படிப் பிரிந்து, மெல்ல மெல்லச் சேறு நிரம்பிய பரப்பே பெருஞ்சதுப்பு.

கரை கடலை நோக்கி நகரும்போது ஒரே சீராக நகர்வதில்லை. புயலும் பெரிய அலையும் சில காலங்களில் மணலைக் குவித்து ஒரு மேட்டை எழுப்பும். பிறகு அதற்கு முன்னால் புதிய மேடு எழும். இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் மிஞ்சும். வேதாரண்யத்தைச் சுற்றி இப்படிப்பட்ட பழங்கரை மேடுகள் அடுத்தடுத்து வரிசையாகக் கிடக்கின்றன. கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே நிற்கும் ஒரு மணல்மேட்டின் மீது ஏறி நிற்பவர், ஒரு காலத்தின் கடற்கரையில் நிற்கிறார். இந்த வட்டாரத்தில் வீடுகளும், முல்லைக் கொல்லைகளும், மாந்தோப்புகளும், புகையிலையும் மணற்பாங்கான தரையைத் தேடி அமைந்திருப்பதற்கும், நெல்லும் நீரும் தாழ்வான களிமண் தரையில் இருப்பதற்கும் அடிப்படை இந்த மேடு பள்ள வரிசைதான்.

மணல்மேடு இந்தச் சமவெளிக்குத் தரும் பெரிய கொடை குடிநீர். சுற்றிலும் உப்பாக இருக்கும் நிலத்தில், மேட்டின் நடுவே தோண்டினால் சில அடிகளிலேயே நல்ல தண்ணீர் ஊறும். மழைநீர் மணலுக்குள் நேராக இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் ஒரு வில்லை போலத் தங்குகிறது. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைவானது என்பதால் இரண்டும் எளிதில் கலப்பதில்லை. இதற்கு ஒரு கணக்கு உண்டு: கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் உயரத்துக்கு நன்னீர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீரே இருக்கும். இந்தக் கணக்கை அப்படியே திருப்பிப் பார்த்தால்தான் ஆபத்து விளங்கும். மேட்டைத் தோண்டி மணலை அள்ளியோ, ஆழ்துளைக் கிணறுகளால் அளவுக்கு மீறி இறைத்தோ மேலேயுள்ள நீர்மட்டத்தை ஒரு சாண் தாழ்த்தினால், அடியிலுள்ள உப்புநீர் பல மீட்டர் மேலே ஏறி வரும். நான்கு தலைமுறை குடித்த கிணறு சில ஆண்டுகளில் உவர்ப்பாக மாறுவது இப்படித்தான்.

மேட்டின் கடல்பக்கச் சரிவைக் காப்பவை இரண்டு எளிய தாவரங்கள். ஊதா நிறப் பூவுடன் மணல் மேல் கயிறு போல ஓடும் அடப்பங்கொடி ஒன்று; கையில் குத்தும் கூரிய இலைகளையுடைய ராவணன் மீசை மற்றொன்று. காற்றில் பறந்துவரும் மணல் இவற்றின் தண்டில் தடுக்கி விழுகிறது. விழுந்த மணல் மூட மூட இவை மேலே வளர்கின்றன. மணல்மேட்டைக் கட்டும் வேலையில் காற்றுக்கும் இவற்றுக்கும் சம பங்கு உண்டு.

சேற்றின் உள்ளே

மேட்டிலிருந்து இறங்கிச் சதுப்புக்குள் வந்தால் மணல் மறைந்து களிமண் தொடங்கும். இந்த மாற்றத்துக்குப் பின்னால் அழகான ஒரு வேதியியல் இருக்கிறது. ஆற்று நீரில் மிதந்து வரும் களிமண் துகள்கள் மிக நுண்ணியவை; நன்னீரில் அவை ஒன்றையொன்று விலக்கித் தள்ளிக்கொண்டே மிதப்பதால் எளிதில் அடியில் படிவதில்லை. உப்புநீரைத் தொட்டதும் அந்த விலக்கல் வலுவிழந்து, துகள்கள் ஒட்டிக்கொண்டு திரளாகி, கனம் கூடி அடியில் இறங்குகின்றன. ஆறு கடலைச் சந்திக்கும் இடத்தில் சேறு குவிவதற்கு நீரோட்டம் தளர்வது ஒரு காரணம் என்றால், இந்த உப்பின் வேலை மற்றொரு காரணம்.

அந்தச் சேற்றை ஒரு கை அளவு வெட்டி எடுத்துப் பார்த்தால் அதில் இரண்டு நிறம் தெரியும். மேலே விரற்கடை அளவுக்குப் பழுப்பு. அதற்குக் கீழே கரிய நிறம், கூடவே அழுகிய முட்டையின் வாடை. மேற்பரப்பில் காற்றுப் படுவதால் அங்குள்ள இரும்பு துருவேறிப் பழுப்பாக இருக்கிறது. கீழே நீர் நிறைந்த நுண்துளைகளுக்குள் ஆக்சிஜன் போக வழியில்லை. அங்கே வாழும் நுண்ணுயிரிகள் ஆக்சிஜனுக்குப் பதிலாகக் கடல்நீரிலுள்ள சல்பேட்டைப் பயன்படுத்தி, விழுந்த இலைகளையும் இறந்த உயிர்களையும் சிதைக்கின்றன. அந்த வேலையின் மிச்சமாக வரும் ஹைட்ரஜன் சல்பைடே அந்த வாடை. அது இரும்புடன் சேர்ந்து உண்டாக்கும் சேர்மமே அந்தக் கருமை. பலர் இந்த வாடையை அசுத்தத்தின் அறிகுறி என்று நினைத்து முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். சாக்கடை எதுவும் கலக்காத சேற்றிலும் இந்த வாடை இயல்பாகவே இருக்கும். ஆக்சிஜன் இல்லாத இந்தச் சூழலில் சிதைவு மிக மெதுவாக நடப்பதால், காற்றிலிருந்து தாவரங்கள் எடுத்த கார்பனின் ஒரு பகுதி நூற்றுக்கணக்கான ஆண்டுகள் சேற்றுக்குள்ளேயே புதைந்து கிடக்கிறது. அதே சேற்றை வடித்துக் காயவைத்தால் கதை மாறிவிடும்: காற்றுப் பட்டதும் அடைபட்ட கந்தகச் சேர்மங்கள் அமிலமாக மாறி, எதுவும் முளைக்காத தரையை உண்டாக்கும்.

உப்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சாதாரணக் கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் சதுப்பில் நிற்கும் நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். மழை நின்று, தை, மாசியில் வெயில் ஏறத் தொடங்கியதும் நீர் ஆவியாக, உப்பு மட்டும் தங்கும். கோடையில் ஆங்காங்கே எஞ்சும் குட்டைகளில் உப்பின் செறிவு கடலையும் மிஞ்சிவிடும். இயற்கையில் தானாக நடக்கும் இந்தச் செயலைப் பாத்தி கட்டி முறைப்படுத்தியதே உப்பளம். கடல்நீரைப் பாத்தியிலிருந்து பாத்திக்கு மாற்றிக்கொண்டே போகும்போது, செறிவு ஏறத்தாழ நான்கு மடங்கு ஆகும் கட்டத்தில் ஜிப்சம் பிரிந்து படியும். பத்து மடங்கை எட்டும்போதுதான் நாம் உண்ணும் உப்பு விளையத் தொடங்கும். 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சிராப்பள்ளியிலிருந்து ராஜாஜி தலைமையில் புறப்பட்ட தொண்டர்கள் வேதாரண்யத்தை நோக்கி நடந்து வந்து உப்பெடுத்ததற்கு இடமளித்தது இந்த நிலத்தின் இதே குணந்தான்.

இவ்வளவு உப்பிலும் வளரும் செடி உமரி. இலையும் தண்டும் தடித்து, நீரைச் சேமித்து, உடலுக்குள் சேரும் உப்பை அந்த நீரில் கரைத்து வைத்துக்கொள்ளும். அலையாத்தி மரங்களும் நிற்க முடியாத, எப்போதாவது மட்டுமே கடல் எட்டிப் பார்க்கும் தரையில் பச்சையும் சிவப்புமாகப் படர்ந்திருப்பது பெரும்பாலும் உமரிதான். உமரியும் இல்லாமல் வெறிச்சென்று கிடக்கும் தரை, உப்பு அதையும் மீறிவிட்ட தரை.

அலையாத்திக் காடு

மேற்கே முத்துப்பேட்டைப் பக்கம் காட்சி மாறுகிறது. நீடாமங்கலத்துக்கு அருகே வெண்ணாற்றிலிருந்து பிரியும் கோரையாறும் பாமணியாறும் இன்னும் சில வடிகால் ஆறுகளும் இங்கேதான் கடலைச் சேருகின்றன. கடலுக்குள் நேரே விழாமல், கரையோர மணல்திட்டுக்குப் பின்னாலுள்ள முள்ளிப்பள்ளம் என்ற ஆழமற்ற உப்பேரியில் முதலில் கலந்து, பிறகு முகத்துவாரம் வழியாக வெளியேறுகின்றன. மேலே மேட்டூர் அணை திறந்து, காவிரிப் படுகையின் வயல்களில் பாய்ந்து, வடிந்து வரும் நீருக்கும் இதுவே கடைசி நிறுத்தம். ஆக, இந்தக் காட்டின் உடல்நலம் அதற்கு வெகுதூரம் மேற்கே ஆற்றில் எவ்வளவு நீர் விடப்படுகிறது என்பதையும் சார்ந்திருக்கிறது.

அலையை ஆற்றும் மரம் என்பதால் அலையாத்தி. வந்து மோதும் அலையின் விசையை அதன் தண்டுகளும் வேர்களும் உறிஞ்சித் தணிப்பதைப் பார்த்து வாழ்ந்தவர்கள் வைத்த பெயர் அது. ஒரு சூழலியல் பாடத்தை ஒரே சொல்லில் அடக்கிய பெயர் என்று எனக்குத் தோன்றும். இந்த மரத்துக்கு எதிரே மூன்று சிக்கல்கள் உள்ளன: உப்பு, ஆக்சிஜன் இல்லாத சேறு, விதை நிலைக்க விடாத ஓதம். மூன்றுக்கும் அது கண்ட வழிகளை ஒரே மரத்தருகே நின்று பார்த்துவிடலாம்.

முதலில் இலை. மழை இல்லாத ஒரு காலை நேரத்தில் முதிர்ந்த இலையின் மேல் விரலை ஓட்டினால் மணல் போல நெருநெருக்கும். நாவில் வைத்தால் கரிக்கும். வேர் பெரும்பாலான உப்பை வாசலிலேயே வடிகட்டித் தடுத்துவிட்டாலும், தப்பி உள்ளே வரும் உப்பை இலையிலுள்ள நுண்சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. நீர் உலர்ந்ததும் அது படிகமாக நிற்கிறது. அடுத்தது, மரத்தைச் சுற்றித் தரையிலிருந்து பென்சில்களை நட்டு வைத்ததுபோல மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்கள். சேற்றுக்குள் இல்லாத காற்றை, வற்றத்தின்போது இவற்றின் மேற்தோலிலுள்ள துளைகள் வழியாக மரம் இழுத்துக்கொள்கிறது. இவை ஒரு சாண் நீளந்தான் இருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். நீர் வற்றாமல் பல வாரங்கள் இவற்றை மூடியே நின்றால் மரம் மூச்சு முட்டி இறந்துவிடும். கடைசியாக விதை. அது தாய்மரத்தில் இருக்கும்போதே கனிக்குள் முளைவிட்டு, மடித்த இரு பருப்புகளோடு கீழே விழுந்து, நீரில் மிதந்து, ஏற்ற இடத்தில் தரை தட்டியவுடன் சில நாட்களில் வேர்விடுகிறது.

முத்துப்பேட்டையில் இந்த ஒரு மரவகையே காட்டின் மிகப் பெரும்பகுதியை நிரப்பியிருக்கிறது. வடக்கே கொள்ளிடம், வெள்ளாறு முகத்துவாரங்களுக்கு இடையிலுள்ள பிச்சாவரத்தில் நீரோரமாக வளைந்த தாங்குவேர்களோடு நிற்கும் சுரபுன்னை இங்கே அரிது. உப்பு கூடக் கூட மரவகைகள் குறைந்துகொண்டே வந்து, அதிகம் தாங்கும் ஒன்று மட்டும் எஞ்சுவது உலகெங்கும் காணப்படும் போக்கு. இடையிடையே, மேடான விளிம்புகளில், தில்லை மரமும் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் இதுதான். கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும் இதன் பாலுக்கு அஞ்சி மரம் வெட்டுபவர்கள் இதைத் தொடத் தயங்குவார்கள்.

காட்டின் இலைகள் சேற்றில் விழுந்து மக்க, அதை நுண்ணுயிர்கள் தின்ன, அவற்றைப் புழுக்களும் சிறு இறால்களும் தின்ன, அவற்றை மடவையும் கொடுவாவும் நண்டும் தேடி வருகின்றன. இறாலின் வாழ்க்கை இந்த இடத்தின் மதிப்பைத் தெளிவாகக் காட்டும். வளர்ந்த வெள்ளை இறால் திறந்த கடலில்தான் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வந்த நுண்குஞ்சுகள் ஓதத்தோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, வேர்களின் மறைவில் சில வாரங்கள் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. முகத்துவாரம் மணல் மூடி அடைபட்டால் இந்தப் போக்குவரத்து அறுந்துபோகும். அதன் இழப்பு சதுப்போடு நிற்காமல், கடலில் வலை வீசுபவரின் படகு வரைக்கும் எட்டும்.

பறவையின் அலகும் காட்டின் விளிம்பும்

மழை முடிந்து நீர் வடியத் தொடங்கும் மார்கழி முதல் மாசி வரை, பெருஞ்சதுப்பு வலசைப் பறவைகளால் நிறைகிறது. சைபீரியாவின் வடகோடியில் குஞ்சு பொரித்த கொசு உள்ளான் போன்ற கையளவு பறவைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இங்கே வருவதற்குக் காரணம், அந்தப் பழுப்பு, கரும் சேற்றுக்குள் இருக்கும் புழுவும் சிறு நண்டும்தான். இவ்வளவு பறவைகள் ஒரே இடத்தில் சண்டையின்றி மேய்வது எப்படி என்பதற்கு விடை அலகில் இருக்கிறது. உப்புக்கொத்தி குட்டையான அலகால் சேற்றின் மேற்பரப்பில் கொத்தும். உள்ளான்கள் ஓரிரு அங்குலம் துழாவும். குதிரை மலைக்கோட்டான் தன் நீண்டு வளைந்த அலகை வளைக்குள் முழுவதும் விட்டு நண்டை இழுக்கும். கால் நீளமும் அப்படியே: குட்டைக் காலுடையவை ஈரச் சேற்றில், நெட்டைக் காலுடையவை நீருக்குள். ஒரு சாண் ஆழ வேறுபாட்டில் ஐந்தாறு வகைப் பறவைகளுக்குத் தனித்தனிப் பந்தி விரிக்கப்பட்டிருக்கிறது. உப்பு மிகுந்த குட்டைகளில் நிற்கும் பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் ஆழ்த்தி, நாவைப் பம்பு போல இயக்கி நீரை வடிகட்டிச் சிற்றுயிர்களை உண்கிறது. அதன் சிறகின் இளஞ்சிவப்பு அந்த உணவிலுள்ள நிறமியிலிருந்து வருகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வலசைப் பாதையை அறிந்து வந்திருக்கிறது.

கோடியக்கரையின் மேடான மணலில், சதுப்பின் விளிம்பிலேயே, முற்றிலும் வேறான ஒரு காடு நிற்கிறது. பாலை மரங்கள் மிகுந்த வறண்ட பசுமைமாறாக் காடு அது. இந்தியாவில் பெரும்பாலும் சோழமண்டலக் கரையோரமாகச் சிதறல்களாக மட்டும் எஞ்சியிருக்கும் வகை. காட்டுக்கும் சதுப்புக்கும் இடையிலுள்ள புல்வெளியில் மேயும் வெளிமானுக்காகவே 1967இல் இங்கே சரணாலயம் அமைக்கப்பட்டது. பெயரிலேயே வெளியைக் கொண்டுள்ள இந்த மான், தொலைவில் வரும் ஆபத்தைக் கண்டு பாய்ந்து ஓடிப் பிழைப்பது. சீமைக்கருவேலம் புல்வெளியை அடைத்துக்கொண்டு புதராக மாற்றும்போது, மானுக்கு மேய்ச்சலும் குறைகிறது, பார்வையும் மறைகிறது.

வெட்டியது மரத்தை, தாழ்ந்தது தரை

முத்துப்பேட்டையிலும் பிச்சாவரத்திலும் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் அலையாத்திக் காட்டைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியிலும் உள்ள மரங்களை முழுவதுமாக வெட்டி விறகுக்கு விற்கும் முறை இருந்தது. வெட்டிய இடத்தில் காடு தானாகத் திரும்ப வளர்ந்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. பல இடங்களில் அது வளரவில்லை. நிழல் போன சேற்றில் வெயில் நேரே விழுந்தது. ஈரம் ஆவியாகி மண் சுருங்கியது. தாங்கியிருந்த வேர்கள் மக்கிப்போகத் தரை சற்றே அமுங்கியது. தட்டையாக இருந்த இடம் தட்டு போலக் குழிந்தது. அதன் பிறகு பெரிய ஓதத்தில் உள்ளே வந்த கடல்நீர் திரும்ப வடிய வழியில்லாமல் அந்தக் குழிவில் தேங்கி, ஆவியாகி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உப்பை விட்டுச் சென்றது. சில ஆண்டுகளில் கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பேறிய அந்தத் தரையில் அலையாத்தி விதை விழுந்தாலும் பிழைக்கவில்லை.

இந்தக் காரணத்தைக் கண்டறிந்ததும் தீர்வும் புலப்பட்டது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து, குழிந்த தரையை இயற்கை ஓடைகளோடு இணைக்கும் வாய்க்கால்களை வெட்டினர். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால். அதன் இருபுறமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள்ளின் வடிவம். ஓதம் ஏறும்போது நீர் உள்ளே போய், வற்றும்போது உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறும். வாய்க்கால் கரையின் சரிவில், அடியிலும் இல்லாமல் உச்சியிலும் இல்லாமல், நாள்தோறும் நனைந்து நாள்தோறும் வெளிப்படும் நடு உயரத்தில் அலையாத்தி விதைகள் நடப்பட்டன. அந்த உயரம் தப்பினால் நாற்று மூழ்கியோ காய்ந்தோ போகும். முத்துப்பேட்டை மீனவர்கள் காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி, ஓதத்தோடு வரும் மீனைப் பிடிக்கும் பழைய முறையிலும், அவ்வாய்க்கால்களின் கரையோரத்தில் மரங்கள் செழித்து நிற்பதைக் காணலாம்.

இதே கண்ணோடு இன்றைய நெருக்கடிகளையும் பார்க்கலாம். இறால் பண்ணைகளின் கரைகளும், சாலைகளும், உப்பளப் பாத்திகளும் நீரின் வழியை மறிக்கின்றன. சதுப்பிலும் உப்பள நிலத்திலும் இறால் குட்டை அமைப்பதைத் தடைசெய்து 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததற்குப் பின்னால் இந்தக் கரையோர மக்களின் நீண்ட போராட்டம் இருந்தது. மேட்டூர் அணை 1934இல் கட்டிமுடிக்கப்பட்ட பின் காவிரியின் வண்டலில் பெரும்பங்கு அணைக்குப் பின்னாலேயே தங்கிவிடுகிறது. தரையைச் சிறுகச் சிறுக உயர்த்திவந்த மண் குறைந்துவிட்ட நிலையில், கடல் மட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது. கடல் ஏறும்போது அலையாத்திக் காடு தன் வழக்கப்படி ஒரு சாண் மேலேயுள்ள தரைக்கு, அதாவது நிலத்தை நோக்கி, நகரப் பார்க்கும். அங்கே கரையும் பாத்தியும் குறுக்கே நின்றால் அதற்குப் போக இடமில்லை.

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல், கோடியக்கரைக் காட்டையும் முத்துப்பேட்டை அலையாத்தியையும் முறித்துப் போட்டதோடு, வேதாரண்யம் உப்பளங்களின் மேல் கடற்சேற்றைக் கொண்டுவந்து கொட்டியது. உப்பளத்தாருக்கு அது பேரிழப்பு. நிலவியல் கணக்கில் பார்த்தால், இந்தச் சமவெளி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக உயர்ந்துவந்த வழிகளில் அதுவும் ஒன்று. புயலில் சாய்ந்த மரங்களுக்கு இடையே மறுபடி நாற்று நட முனைபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது வாய்க்கால்களைத்தான். ஒவ்வொரு ஓதமும் கொஞ்சம் சேற்றை உள்ளே விட்டுச் செல்வதால் அவை தூர்ந்துகொண்டே வரும். தூர் வாராமல் விட்ட வாய்க்காலின் அடி ஒரு சாண் உயர்ந்தாலே நீர் மீண்டும் வடியாமல் தேங்கும், உப்பு மீண்டும் ஏறும்.